எண்ணெய் டின் விழுந்த மத்தியானமும் நான் கேட்ட குரலும்

எழுபத்தெட்டாம் வருஷம், தவக்காலத்தின் இரண்டாவது சனிக்கிழமை. மத்தியானம் ஒன்றரை மணி இருக்கும். அன்றைக்குத்தான் என் வலது கை நொறுங்கியது. தூத்துக்குடி துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில் ஒரு சின்னப் பலசரக்குக் கடை. அதற்குள்ளேதான் நடந்தது. எனக்கு அப்போது முப்பத்தொரு வயது. ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் டைப்பிஸ்ட் வேலை. கை போனால் வேலை போச்சு.

செபக் கூட்டத்தில் எழுந்து பேசச் சொல்லிப் பல தடவை கூப்பிட்டீர்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். எனக்குப் பேசத் தெரியாது. ஆனாலும் ஆண்டவர் செய்ததை இன்னும் மறைத்து வைத்திருப்பது நன்றிகெட்டதனம். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் அந்தோணிக்குத் தோணியில் வேலை. மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போயிருந்தார். வீட்டில் நானும் அவர் அம்மா, என் மாமியும் மட்டும்தான். சனிக்கிழமை அரை நாள் ஆபீஸ் முடிந்து, பருப்பு வாங்க அந்தக் கடைக்குள் போனேன். வெளியே கண் கூசுகிற வெயில். உள்ளே ஒரே இருட்டு, பெருங்காய வாசனை. கண் பழகவே நேரமானது. கடைக்கார அண்ணாச்சி பருப்பை நிறுத்துக்கொண்டிருந்தார். நான் வலது கையை மேஜைமேல் ஊன்றி நின்றேன். தலைக்கு மேலே ஒரு பலகை அடித்து, அதில் எண்ணெய் டின்களை அடுக்கியிருந்தார்கள். நான் நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

மளமளவென்று ஒரு சத்தம் கேட்டது. ஒரு முழு டின் என் மணிக்கட்டில் வந்து இறங்கியது.

முதலில் வலி தெரியவில்லை. சங்கு குளிக்கிற ஆட்கள் சொல்லுவார்கள், ஆழத்துக்குப் போனதும் மேலே உள்ள சத்தமெல்லாம் வேறு ஏதோ ஊரில் கேட்கிற மாதிரி இருக்கும் என்று. அப்படித்தான் இருந்தது. கண் முன்னால் பச்சையாக ஒரு வெளிச்சம் அசைந்தது. உடம்பு எடையே இல்லாமல் இறங்கிக்கொண்டே போனது. அந்த ஆழத்தில் எனக்குப் பின்னால் ஒரு பொம்பளைக் குரல் கேட்டது.

"அண்ணாச்சி, அந்தப் பலகை ஆடுதுன்னு அன்னிக்கே சொன்னேன்லா."

அவ்வளவுதான். அப்புறம் எனக்கு நினைவில்லை.

கண் திறந்தபோது ஆஸ்பத்திரியில் இருந்தேன். முழங்கை வரை மாவுக்கட்டு. கடைக்காரரின் மச்சினன் ரிக்‌ஷாவில் கொண்டுவந்து சேர்த்துவிட்டுப் போய்விட்டானாம். டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். மணிக்கட்டு எலும்பு பல துண்டாகியிருக்கிறது, நரம்பும் நசுங்கியிருக்கிறது, கடைசி இரண்டு விரல் பழையபடி மடங்குமா என்று இப்போது சொல்ல முடியாது. ஆபீசில் மேனேஜர் இரண்டு மாதம் சம்பளமில்லா லீவு கொடுத்தார். அதற்குமேல் ஆள் போடாமல் இருக்க முடியாது என்று சொல்லி அனுப்பினார்.

மாமி அந்தக் கடைக்குப் போய் நியாயம் கேட்டார்கள். முதல் நாள் கடைக்காரர், "அவங்களே டின்னைப் பிடிச்சு இழுத்தாங்க" என்றாராம். மறுபடி போனபோது பேச்சு மாறிவிட்டது. என் கடையில் அப்படி ஒன்றுமே நடக்கவில்லை, ஆஸ்பத்திரிக் கடுதாசியைப் பாருங்கள் என்றாராம். நாங்கள் போய்ப் பார்த்தோம். விபத்துப் பதிவேட்டில் 'வீட்டில் வழுக்கி விழுந்தது' என்று எழுதியிருந்தது. மச்சினன் அப்படிச் சொல்லியிருக்கிறான். நான்தான் மயக்கத்தில் கிடந்தேனே, மறுத்துச் சொல்ல யார் இருந்தார்கள்?

அதைப் படித்தபோதுதான் நான் உடைந்துபோனேன். கை வலியைத் தாங்கினேன். நான் பொய்க்காரி ஆனதைத் தாங்க முடியவில்லை.

ஆபீசில் ஒருவர் சொல்லி ஒரு வக்கீலிடம் போனோம். நிதானமான மனுஷன். முழுக்கக் கேட்டார். கவனக்குறைவால் காயம் என்று போலீசில் புகார் கொடுக்கலாம் என்றார். நஷ்டஈடு கேட்டு முதலில் நோட்டீஸ் விடலாம், பதில் இல்லையென்றால் சிவில் கோர்ட்டில் கேஸ் போடலாம், அதற்கு மூன்று வருஷம் தவணை இருக்கிறது. கட்டணம் கட்ட முடியாதவர்கள் கட்டாமலே கேஸ் போடவும் ஒரு மனு உண்டாம். கோர்ட்டுக்குப் போகாமல் உட்கார்ந்து பேசி, எழுதிக் கையெழுத்து வாங்கி முடிப்பதும் ஒரு வழிதான் என்றார். பிறகு பேனாவை மூடி வைத்தார்.

"எந்த வழியில போனாலும், அது அந்தக் கடையிலதான் நடந்ததுன்னு சொல்ல ஒரு ஆள் வேணும்மா. ஆஸ்பத்திரிக் காகிதம் உங்களுக்கு எதிரா நிக்குது."

நான் அந்தக் குரலைப் பற்றிச் சொன்னேன். முகம் பார்த்தீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். மயக்கத்தில் மனசு என்னவெல்லாமோ கேட்கும் என்று இரக்கமாகச் சொன்னார். "குரலைக் கூண்டுல ஏத்த முடியாதே, அம்மா."

அதற்குப் பிறகு எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. தினமும் மத்தியானம் கோயிலுக்குப் போய் உட்காருவேன். அந்த நேரம் யாரும் இருக்க மாட்டார்கள். கடல் காற்று ஜன்னல் வழியாக வந்து மெழுகுதிரிகளைச் சாய்க்கும். மருந்து மயக்கம் இன்னும் விட்டிருக்காது. பாதி தூக்கம், பாதி செபம். பீடத்தின் வெளிச்சம் சில சமயம் அந்தப் பச்சை வெளிச்சமாக மாறும். நான் திரும்பவும் அந்தக் கடைக்குள் நிற்பேன். குரல் கேட்கும். திரும்பிப் பார்ப்பதற்குள் எல்லாம் கரைந்துபோகும்.

என் செபம் இதுதான்: "ஆண்டவரே, அது கனவுன்னா கனவுன்னு சொல்லிரும், நான் விட்டிருதேன். நெசம்னா அந்தக் குரலுக்கு ஒரு முகத்தைக் காட்டும்."

தவக்காலம் முழுக்கக் கேட்டேன். பெரிய வியாழன் போனது, பெரிய வெள்ளி போனது. ஈஸ்டர் பாஸ்காவும் முடிந்தது. ஒன்றும் நடக்கவில்லை. கட்டைப் பிரித்தார்கள். கை மெலிந்து, வேறு யாருடைய கையோ போல இருந்தது. கடைசி இரண்டு விரலும் விறைத்து நின்றன. அன்றிலிருந்து ஒரு வாரம் நான் செபிக்கவில்லை. உங்களிடம் மறைக்க மாட்டேன். எனக்குக் கோபம். மாமி எனக்கும் சேர்த்துச் செபமாலை சொன்னார்கள்.

அடுத்த வாரம் விரல்களுக்குப் பயிற்சி செய்ய ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தேன். நல்ல வெக்கை. கண்ணை மூடிச் சாய்ந்திருந்தேன். பஸ்களின் உறுமலும் ஏலம் போடுகிற மாதிரி ஊர்ப் பெயர்களும் தூரமாகிக்கொண்டே போயின. அப்போது கேட்டது.

"காலையிலயே சொன்னேன்லா, வெறும் கடகத்துக்கு லக்கேஜ் கிடையாதுன்னு."

அதே இழுப்பு. அந்த 'சொன்னேன்லா'வில் கடைசியில் வருகிற அதே அழுத்தம். கண்ணைத் திறந்தால் மறைந்துபோகும் என்று பயம். திறந்தேன். உடன்குடி பஸ்ஸின் வாசலில் ஒரு பெண், கருப்பட்டி விற்று முடித்த காலி ஓலைக் கடகங்களை அடுக்கி வைத்துக்கொண்டு கண்டக்டரிடம் வாதாடிக்கொண்டிருந்தாள். நாற்பது வயது இருக்கும்.

நான் அந்தப் பஸ்ஸில் ஏறிவிட்டேன். எதற்கு ஏறுகிறோம் என்று யோசிக்கவே இல்லை. அவளுக்குப் பக்கத்து இடம் காலியாக இருந்தது. உட்கார்ந்தேன். ஆனால் என்னவென்று கேட்பது? ஊர் தாண்டி உப்பளங்கள் வந்தன. வெயிலில் வெள்ளை வெள்ளையாக உப்புக் குவியல்கள், நடுவே வானம் விழுந்து கிடக்கிற தண்ணீர். பஸ் தரையில் ஓடுகிற மாதிரியே இல்லை. நான் மனசுக்குள் சேசுவே, சேசுவே என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பேச்சை ஆரம்பித்தது அவள்தான். என் கையையே பார்த்துக்கொண்டு வந்தவள் மெதுவாகக் கேட்டாள்.

"நீங்க அந்த ஹார்பர் ரோட்டுக் கடையில எண்ணெய் டின்னு விழுந்த அம்மாதானே? கை நல்லாயிட்டுன்னு அண்ணாச்சி சொன்னாரே."

நான் அழுதுவிட்டேன். பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமே வரவில்லை.

அவள் பெயர் செல்லக்கனி. உடன்குடிக்காரி. அந்தக் கடைக்கு வாராவாரம் கருப்பட்டி போடுகிறவள். அன்றைக்கு எனக்குப் பின்னால் நின்றிருந்திருக்கிறாள். பலகை ஆடுவதை முந்தின வாரமே கடைக்காரரிடம் சொல்லியிருக்கிறாள். என்னை ரிக்‌ஷாவில் ஏற்றும்வரை இருந்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போயிருக்கிறாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன், ஆஸ்பத்திரிக் காகிதம் வரை. வக்கீலிடம் வந்து இதைச் சொல்ல முடியுமா என்று கேட்டேன்.

அந்தக் கடைக்காரரின் சொந்தக்காரர்கள் இன்னும் இரண்டு கடை வைத்திருந்தார்கள். அங்கேயும் அவள்தான் சரக்குப் போடுகிறாள். ஆறுமுகநேரி வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு, அடுத்த வியாழக்கிழமை தூத்துக்குடிக்கு வருகிறேன், வக்கீல் ஆபீஸ் எங்கே என்று மட்டும் கேட்டாள். நான் அங்கேயே இறங்கி, எதிர் பஸ் பிடித்துத் திரும்பினேன்.

வியாழக்கிழமை வந்தாள். கண்டதை வரிவரியாகச் சொன்னாள். வக்கீல் எழுதி வாசித்துக் காட்டினார். ஒரு இடத்தில் நிறுத்தி, நான் டின்னைத் தொடவே இல்லை என்பதையும் சேர்த்து எழுதச் சொன்னாள். பிறகு தன் பெயரை எழுத்துக்கூட்டி எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

நோட்டீஸ் போனது. பத்து நாளில் கடைக்காரரே வக்கீல் ஆபீசுக்கு வந்தார். நான் அவரை மனசுக்குள் பெரிய அரக்கனாக வளர்த்து வைத்திருந்தேன். வந்து உட்கார்ந்தவர் தூக்கமில்லாத ஒரு மனுஷன்.

"போலீசு வந்து கடையைப் பூட்டிரும்னு பயந்துட்டேன், தாயி. மச்சினன் ஒரு பொய்யச் சொல்லிட்டான். அதுக்கப்புறம் எனக்கு அதுலருந்து இறங்கத் தெரியல."

என்ன வேண்டும் என்று வக்கீல் என்னைக் கேட்டார். இது உங்கள் கடையில்தான் நடந்தது என்று முதலில் எழுதித் தாருங்கள் என்றேன். அவர் எழுதினார். வைத்தியச் செலவும் போன சம்பளமும் தருவதாக ஒப்புக்கொண்டார். இதில் கையெழுத்துப் போட்டால் பிறகு கேஸ் போட முடியாது, அதனால் இனிமேல் ஆகப்போகிற வைத்தியத்தையும் யோசித்துக் கேளுங்கள் என்று வக்கீல் என்னைத் தடுத்து நிறுத்தினார். அதையும் சேர்த்து எழுதினார்கள். ஒரு தடவைக்கு மூன்று தடவை படித்த பிறகே இடது கையால் கையெழுத்துப் போட்டேன். மறுவாரம் அந்தக் கடையில் பலகையே இல்லை. டின்களைத் தரையில் வைத்திருந்தார்கள்.

என் இரண்டு விரலும் இன்றுவரை மடங்கவில்லை. அதற்கும் செபித்தேன், ஆண்டவர் தரவில்லை. மீதி எட்டு விரலால் டைப் அடிக்கப் பழகினேன். மேனேஜர் ஒரு பில்லை அடிக்கச் சொல்லிப் பக்கத்தில் நின்று பார்த்தார். வேகம் குறைவுதான், தப்பு ஒன்றும் இல்லை என்று சொல்லி வேலையில் வைத்துக்கொண்டார். அந்தோணி திரும்பி வந்து என் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்திருந்தார்.

ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்கு ஒன்று தெரிந்தது. செல்லக்கனிக்கு அந்த இரண்டு சொந்தக்காரக் கடைகளும் போய்விட்டன. அவள் என்னிடம் மூச்சு விடவில்லை. இன்னொரு கருப்பட்டிக்காரிதான் சொன்னாள். நான் கேட்ட செபத்துக்கு விலை கொடுத்தது அவள். அன்றைக்கு என் விசுவாசமே மாறிப்போனது. எங்கள் கோயில் பங்கில் வீடு வீடாகப் போய் அவளுக்கு வாடிக்கை பிடித்துக் கொடுத்தேன். வேறு என்ன செய்ய முடியும்?

இப்போது ஞாயிறு பூசைக்குப் பிறகு, அடிபட்டவர்கள் யாராவது வந்தால் கூட இருந்து அவர்கள் சொல்லச் சொல்ல எழுதிக் கொடுக்கிறேன். உங்களுக்கும் சொல்கிறேன். எங்கே, எப்படி அடிபட்டது என்பதை ஆஸ்பத்திரியில் உங்கள் வாயாலேயே சொல்லி எழுத வையுங்கள். நீங்கள் முடியாமல் கிடந்தால் உங்கள் ஆள் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். பக்கத்தில் நின்றவர்களின் பெயரையும் ஊரையும் கேட்டு வாங்குங்கள். படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். இதையெல்லாம் செய்துவிட்டு முழங்காலில் நில்லுங்கள். பதில் தாமதமானால் கோபப்பட்டுக்கூட நில்லுங்கள், அவர் பொறுத்துக்கொள்கிறார்.

இன்னும் ஒன்று. எங்கேயோ ஒருத்தர் உங்கள் பெயர்கூடத் தெரியாமல் உங்களைத்தான் ஆண்டவரிடம் கேட்டுக்கொண்டிருக்கலாம். கூப்பிட்டால் போங்கள்.