ஏழாவது பத்தி

எங்கள் தோட்டத்து ஆபீஸின் வெளிச்சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு தாள் தொங்கியது. ஒன்றரை முழ நீளம், ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைந்த அகலம். மேலே ‘தொழிலாளர் சட்டச் சுருக்கம்’ என்று தடித்த எழுத்தில் அச்சிட்டிருந்தது. கீழே பதினொரு பத்திகள், எல்லாம் தமிழில். தொழிலாளிகளின் கண்ணில் படும்படி அதை மாட்டிவைக்க வேண்டும் என்பதும் சட்டமாம். கண்ணில் நன்றாகத்தான் பட்டது. படிக்கத்தான் ஆளில்லை. ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணிக்குப் படிக்கத் தெரியும். ஆனால் அவர் உள்ளே உட்கார்ந்திருப்பவர், தாள் வெளியே தொங்கியது. வருஷத்துக்கு ஒருமுறை லேபர் ஆபீசர் வருவதற்கு முந்தின நாள் யாராவது கண்ணாடியை ஈரத்துணியால் துடைப்பார்கள். மற்ற நாட்களில் அதற்குப் பின்னால் ஒரு பல்லி குடியிருந்தது.

மலாயாவில், கோத்தா திங்கி ஊரிலிருந்து ஏழெட்டு மைல் உள்ளே இருந்தது தோட்டம். ரப்பருக்கு நல்ல விலை இருந்த காலம். எனக்கு எட்டு வயது. அம்மா அதற்கு முந்தின மழைக்காலத்தில் காய்ச்சலில் போய்விட்டாள். அம்மாவோடு ஒரே கப்பலில் வந்த அவள் தங்கை, என் சின்னம்மா, அடுத்த லயத்து வரிசை வீட்டில் இன்னொரு குடும்பத்தோடு ஓர் அறையில் இருந்தாள். விடிவதற்குள் எங்கள் வீட்டுக்கு வந்து எனக்குத் தலை வாரிவிட்டு, கையோடு பெரட்டுக்குக் கூட்டிப் போவாள். பெரட்டு என்பது ஆபீஸ் முன்னால் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவது. அது முடிந்ததும் அவள் பால் வெட்டப் போவாள், நான் பள்ளிக்கூடம் போவேன். என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தவளும் அவள்தான். ‘பொட்டப் புள்ளைக்கு எதுக்கு’ என்று அப்பா கேட்கவில்லை. அப்பா எதையும் கேட்கிறவர் அல்ல.

பள்ளிக்கூடத்தில் இருந்த ஒரே வாசகப் புத்தகத்தில் முன்பாதிதான் மிச்சமிருந்தது. அது எனக்கு மூன்று மாதத்தில் தீர்ந்துபோயிற்று. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் துணி துவைத்துக் காயப்போட்ட பிறகு சின்னம்மா என்னை அந்தத் தாளுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்துவாள். ஒரு வாரத்துக்கு ஒரு பத்தி. நான் எழுத்துக் கூட்டிப் படிப்பேன். அவள் என் உச்சந்தலையில் கையை வைத்துக்கொண்டு கேட்பாள். ரப்பர் பாலின் புளிப்பும் தேங்காயெண்ணெயும் கலந்த அந்தக் கையின் வாசனையை அதற்குப் பிறகு நான் எங்கும் முகர்ந்ததில்லை. தேடாமல் இருந்ததும் இல்லை.

குடிக்க நல்ல தண்ணீர் தர வேண்டும் என்றது ஒரு பத்தி. சிறுபிள்ளைகளை வேலைக்கு வைக்கக்கூடாது என்றது ஒன்று. ஏழாவது பத்தி இப்படி இருந்தது: ‘தோட்டத்தை விட்டு விலக விரும்பும் தொழிலாளி, ஒரு மாதத்து நோட்டீசு கொடுத்து விலகிக்கொள்ளலாம். அவரைத் தடுக்க யாருக்கும் அதிகாரமில்லை.’

அதைப் படித்த அன்று, “இன்னொரு தடவை படி” என்றாள். படித்தேன். “மறுபடி” என்றாள். என் வாசிப்பு அவ்வளவு நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த நாட்களில்தான் கங்காணி எங்கள் வீட்டுக்கு அடிக்கடி வரத் தொடங்கினார். எங்கள் எல்லோரையும் ஊரிலிருந்து கூட்டிவந்தவர் அவர். கல்யாணம், சண்டை, சாவு எதுவானாலும் அவர் வாயிலிருந்துதான் முடிவு வரும். பெண்டாட்டி செத்தவன் அவள் தங்கையைக் கட்டிக்கொள்வது வழக்கந்தானே, பிள்ளைக்கும் ஆயிற்று, சோற்றுக்கும் ஆயிற்று என்றார். தையில் வைத்துக்கொள்ளலாம் என்றும் அவரே சொன்னார். அப்பா கோத்தா திங்கிக்குப் போய் நீலத்தில் ஒரு சேலை வாங்கிவந்து பெட்டிக்குள் வைத்தார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. சின்னம்மா இனி எங்கள் அறையிலேயே படுப்பாள். விடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

“அப்பாவ உனக்குப் புடிக்காதா?” என்று ஒருநாள் கேட்டேன்.

“உங்கப்பா நல்லவருதான்” என்றாள். சீப்பிலிருந்த முடியை உருவிக்கொண்டே, “நல்லவரா இருக்கிறதுக்காக ஒருத்தரக் கட்டிக்க முடியுமா, கண்ணு?” என்றாள். முடியாமல் என்ன என்று நினைத்தேன்.

விஷயம் எனக்குக் குழாயடியில் தெரிந்தது. தண்ணீர் பிடிக்க நின்ற ஒருத்தி, பக்கத்து லயத்து அக்கா, என் காதுபடவே சொன்னாள்.

“இவ சின்னம்மா ஓடப்போறாளாம்ல. பத்து பாகாட் ஊரு ஆஸ்பத்திரியில துணி தொவைக்க ஆள் எடுக்கிறாங்களாம்.”

ஓடுவது என்பது அந்தக் காலத்துச் சொல். முன்பெல்லாம் சொல்லாமல் தோட்டத்தை விட்டுப் போனவர்களைப் போலீஸ் பிடித்துக்கொண்டு வரும். சட்டம் மாறி இரண்டொரு வருஷம் ஆகியிருந்தது. சொல் மாறவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சின்னம்மா என்னைத் தாளுக்கு முன்னால் நிறுத்தி, “ஏழாவத படி” என்றாள்.

நான் படித்தேன். “தோட்டத்தை விட்டு விலக விரும்பும் தொழிலாளி, மூன்று மாதத்து நோட்டீசு கொடுத்து…”

தலைமேல் இருந்த கை அசையவில்லை.

“நல்லாப் பாத்துப் படி.”

“மூன்று மாதத்து நோட்டீசு.” குரலை உயர்த்தி, பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதுபோலச் சொன்னேன். ஒரு மாதமென்றால் தைக்கு முன்னால் போய்விடுவாள். மூன்று மாதமென்றால் நடுவில் தை வந்துவிடும். அவ்வளவுதான் என் கணக்கு.

சின்னம்மா கையை எடுத்து, கண்ணாடிமேல் ஒரு விரலை வைத்தாள். ஏழாவது பத்தி, முதல் வரி, ‘ஒரு’ என்ற சொல்லுக்கு நேரே அந்த விரல் நின்றது. எழுத்துத் தெரியாதவள் தற்செயலாக வைத்த விரல் என்றுதான் எண்ணினேன். பல்லி விலகி ஓடியது.

“மூணு மாசமா?” என்றாள். “சரி, வா. துணி காஞ்சிருக்கும்.”

மறுநாள் பெரட்டில் அவள் யாரும் செய்யாத ஒன்றைச் செய்தாள். துரைக்குச் சொல்ல வேண்டிய எதையும் கங்காணியிடம் சொல்வதுதான் தோட்டத்து முறை. கங்காணி கிராணியிடம் சொல்வார், கிராணி துரையிடம் சொல்வார். பெரும்பாலும் கங்காணியோடு நின்றுவிடும். சின்னம்மா வரிசையை விட்டு வெளியே வந்து, கங்காணியைத் தாண்டி, நேராகத் துரை முன்னால் போய் நின்றாள்.

“நான் வேலையவிட்டு நிக்கிறேன் தொரை. இன்னியிலேருந்து மூணு மாசம் நோட்டீசு.”

கிராணி யாழ்ப்பாணத்துக்காரர். கண்ணாடியைத் தாழ்த்தி அவளைப் பார்த்தார். “ஒரு மாதம் காணும், பிள்ளை. மூண்டு தேவையில்லை. சட்டத்திலை அப்பிடித்தான் கிடக்கு.”

நான் முன்னால் நின்ற ஆளின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தேன். சின்னம்மா திரும்பி என்னைப் பார்க்கவில்லை.

“எனக்கு மூணு மாசம்னே எழுதுங்க, கிராணி ஐயா.”

கிராணி அதை ஆங்கிலத்தில் சொன்னார். துரை தோளைக் குலுக்கிவிட்டுத் தலையாட்டினார். இலவசமாக இரண்டு மாதம் கூடுதலாக வேலை செய்கிறேன் என்று அவள் சொன்னதுபோல வரிசையில் சிரிப்பு எழுந்தது. கங்காணிக்குத்தான் முதலில் வாய் வந்தது.

“ஓடிப் போறதுக்கு மூணு மாசம் முன்னாடியே சொல்லிட்டு நிக்கிறவள இப்பத்தான் பாக்குறேன்.”

அன்று மாலைக்குள் லயம் முழுக்க அவளுக்கு ‘மூணு மாசம்’ என்று பெயர் விழுந்தது. அடுத்த நாள் முதல் கங்காணி அவளைச் சதுப்பு ஓரத்து மர நெரைக்கு மாற்றினார். அங்கே மரங்கள் கிழடு, பால் குறைவு, அட்டை அதிகம். அவள் திரும்பி வரும்போது கணுக்காலில் ரத்தம் கோடு கோடாகக் காய்ந்திருக்கும். எனக்கு வருத்தமாக இருந்தது. ஆனாலும் நான் ஜெயித்துவிட்டேன் என்ற நிம்மதி அதைவிடப் பெரிதாக இருந்தது.

அந்த மூன்று மாதங்களில் அவள் திடீரென்று சோம்பேறியாகிவிட்டாள் என்று எனக்குப் பட்டது. முன்பு அவளே செய்தவற்றையெல்லாம் என்னைச் செய்யச் சொன்னாள். அரிசியில் கல் பொறுக்குவது, கஞ்சி வடிப்பது, ஈர விறகைப் பற்றவைப்பது. காய்ச்சல் வந்தால் யார் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும், யார் கதவைத் தட்டக்கூடாது. கடைசியாகத் தலை பின்னுவது. நான் இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோய்த் தடுமாறுவேன். அவள் அடுப்பங்கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பாள்.

“நீயே பின்னிவிடேன்” என்பேன்.

“எங்கையி வலிக்குது” என்பாள்.

தை வந்தது. கங்காணி நாள் குறித்தார். சின்னம்மா மறுக்கவும் இல்லை, சம்மதிக்கவும் இல்லை. “நோட்டீசு குடுத்திருக்கேன்” என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லவில்லை. குறித்த நாளுக்கு முந்தின நாள் அப்பா கங்காணியிடம் போய், “வேணாங்க, விட்டுருங்க” என்று சொல்லிவிட்டு வந்து சாப்பிடாமல் படுத்தார். அவர் தம் வாயால் ஒரு முடிவைச் சொன்னது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.

மூன்று மாதம் முடிந்த மறுநாள் சின்னம்மா கணக்குத் தீர்க்க ஆபீஸுக்குப் போனாள். நானும் கூடப் போனேன். கங்காணி வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

“சட்டம் ஒரு மாசம்னு சொல்லுது. ஒரு மாசத்துல நீ போவல. அந்த நோட்டீசு செத்துப்போச்சு. புதுசாக் குடு” என்றார்.

நான் அவர் பக்கம். மனதுக்குள் முழுக்க அவர் பக்கம். சின்னம்மாவின் முகம் அப்போதுதான் வெளுத்ததைப் பார்த்தேன். அவள் இதை எதிர்பார்த்திருக்கவில்லை. கூடுதலாக இருந்த இரண்டு மாதமே அவளைத் தோட்டத்தில் கட்டிப்போட்டுவிடும்போல இருந்தது. பத்து பாகாட்டில் அவளுக்காக வைத்திருந்த இடம் இன்னொரு மாதம் காத்திருக்காது.

“பெரட்டுல எரநூறு பேரு கேட்டாங்க, கங்காணி. தொரை சரின்னாரு” என்றாள்.

உள்ளேயிருந்து கிராணி புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். பக்கங்களைப் புரட்டி, விரலை நக்கி, இன்னும் புரட்டினார். “மூண்டு மாதம் எண்டு எழுதிக் கிடக்கு. துரையின்ரை கையெழுத்தும் கிடக்கு. அவளைப் போக விடு” என்றார். அதைச் சொல்லிவிட்டு மறுபடி உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் காலை ரப்பர் தகடு ஏற்றும் லாரியில் அவள் கோத்தா திங்கிக்குப் போவதாக ஏற்பாடு. விடியுமுன் எங்கள் வீட்டுக்கு வந்தாள். சீப்பை என் கையில் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். நான் வாரிப் பின்னி முடித்தேன்.

“வகிடு கோணலா இருக்கு” என்றாள். கையை நீட்டினாள். பிறகு மடக்கிக்கொண்டாள். “இருக்கட்டும்.”

அவளுடைய தகரப் பெட்டியை அப்பாதான் தூக்கிக்கொண்டு வந்தார். லாரியில் ஏற்றும்போது பெட்டியைத் திறந்து அந்த நீலச் சேலையை உள்ளே வைத்து மூடினார். “பஸ்ல காத்துப் பக்கம் ஒக்காராத, புள்ள” என்றார். அவள், “சரிங்க மாமா” என்றாள். நான் அழவில்லை. கோபத்தில் அவளைப் பார்க்காமல் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். சக்கரம் நகர்ந்தபோது நிமிர்ந்தேன். அதற்குள் ரப்பர் தகடுகள்தான் தெரிந்தன.

அடுத்த வருஷம் பக்கத்து லயத்து அக்கா வேலையை விட்டுப் போனாள். அவள் கொடுத்தது ஒரு மாத நோட்டீஸ். உனக்கு யார் படித்துச் சொன்னார்கள் என்று கேட்டேன்.

“உஞ் சின்னம்மாதான். நீ மொத மொதல்ல படிச்சியே, அன்னிக்கே கொழாயடியில நின்னு அப்படியே ஒப்பிச்சா. ஒரு மாசம், தடுக்க யாருக்கும் அதிகாரமில்லன்னு. அவளுக்கு அந்தத் தாளு முழுக்க மனப்பாடம்டி.”

எனக்கு அப்போது வந்தது பயம் மட்டும்தான். என் பொய் அன்றைக்கே பிடிபட்டிருக்கிறது, அவள் சொல்லாமல் விட்டிருக்கிறாள் என்ற பயம். ஆபீஸுக்கு ஓடிப்போய்க் கண்ணாடிக்கு முன்னால் நின்று ஏழாவது பத்தியைப் படித்தேன். ஒரு மாதம் என்றுதான் இருந்தது. மீதி இரண்டு மாதத்தை அவள் யாருக்குக் கொடுத்தாள் என்று கேட்டுக்கொள்ள எனக்கு அப்போது தெரியவில்லை.