சொல்லாமல் விட்ட சேதி

அந்த ஐந்து மாடிக் கட்டடத்துக்குக் குடிவந்த நாலாம் நாளே அவள் புருஷன் எல்லோருக்கும் வேண்டப்பட்டவனாகிவிட்டான். அவன் லிஃப்ட் மெக்கானிக். இரண்டு மாடிகளுக்கு நடுவில் மாசக்கணக்காக மாட்டிக்கொண்டு நின்ற லிஃப்டை ஒரே பிற்பகலில் கீழே இறக்கிக் காட்டினான். அதிலிருந்து அவனுக்கு ராஜ மரியாதை. அவளையும் பார்த்துச் சிரித்தார்கள்தான். ஆனால் சிரித்த கையோடு, "வீட்டுக்காரர் இல்லையா?" என்று கேட்டுவிடுவார்கள்.

பழைய ஊரில் கதையே வேறு. பன்னிரண்டு வருஷம் கண்ணாடிக் கடையின் முன்மேசையில் உட்கார்ந்தவள். பாதி ஊரின் கண் பவர் அவளுக்கு மனப்பாடம். புருஷனைத்தான் 'கண்ணாடிக்காரம்மா வீட்டுக்காரர்' என்பார்கள். அவனுக்கு மாற்றல் வந்ததால் இங்கே வந்தார்கள். புதுக் கடையில் அவளுக்குக் கிடைத்தது பின்னறை. லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவதோடு சரி. நாள் முழுக்கப் பேச்சுத் துணைக்கு மெஷின்தான்.

சாயங்காலம் கீழே கேரம் போர்டைச் சுற்றிப் புருஷனின் சிரிப்புச் சத்தம் ஐந்தாம் மாடிவரை ஏறி வரும். அவளுக்கு வயிறு பற்றி எரியும். அவன் கூப்பிடாமலும் இல்லை. "வாயேன், சும்மா உட்காரு" என்பான். அவனுக்கு வாலாகப் போய் நிற்க அவளுக்கு மனசு வரவில்லை.

ஒரு சனிக்கிழமை தரைத்தளத்துத் தபால்காரர் லிஃப்டுக்குக் காத்திராமல் படியேறி, மூச்சு வாங்க அவள் வாசலில் வந்து நின்றார். ஓய்வு பெற்று ஆறு வருஷமாகியும் அந்தப் பெயர் அவரை விடவில்லை. மறுநாள் சாயங்காலம் நடக்கவிருந்த கேரம் இறுதி ஆட்டத்தைக் காலை பத்து மணிக்கு மாற்றியிருப்பதாகச் சொல்லிவிட்டு, "மறக்காம சொல்லிடும்மா. அவர் இல்லேன்னா எனக்கு ஜோடி இல்ல" என்றார். சரியென்று தலையாட்டினாள். சொல்லவில்லை. ஒரே ஒரு தடவை அவனும் ஏமாந்து நிற்கட்டுமே என்று தோன்றியது.

நின்றான். சாயங்காலம் தலை வாரி, சட்டை மாற்றிக்கொண்டு இறங்கியவன் ஐந்தே நிமிஷத்தில் திரும்பி வந்தான். காலையில் அவன் மார்க்கெட்டுக்குப் போயிருந்த நேரத்திலேயே ஆட்டம் முடிந்திருந்தது. தபால்காரர் யாரையோ ஜோடி சேர்த்துக்கொண்டு படுதோல்வி அடைந்திருந்தார். "வீட்டுல சொன்னேன்னு சாதிக்கிறார். பாவம், வயசாச்சு, மறந்திருப்பார்" என்றான் புருஷன். பொண்டாட்டி சொல்லாமல் விட்டிருப்பாள் என்று சந்தேகிக்கக்கூட அவனுக்குத் தெரியவில்லை. அதிலும் அவளுக்கு எரிச்சல்தான் வந்தது.

நாலைந்து நாள் கழித்து, லிஃப்ட் வாசலில் தபால்காரரின் மனைவியிடம் மாட்டினாள். அந்த அம்மா முகம் வாடியிருந்தது. "மாடி ஏறினது ஞாபகம் இருக்குங்கிறார், சொன்னது ஞாபகம் இருக்குங்கிறார். எல்லாரும் கேலி பண்ணப் பண்ண அவருக்கே சந்தேகம் வந்துடுச்சு. இப்ப எதுக்கெடுத்தாலும் துண்டுச் சீட்டுல எழுதி வெச்சுக்கிறார். நாளைக்கு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்."

அவள் ஐந்தாம் மாடிக்குப் போகாமல் அந்த அம்மாவோடே தரைத்தளத்து வீட்டுக்குப் போனாள். சட்டைப்பையில் சீட்டுகளோடு உட்கார்ந்திருந்த தபால்காரர் முன்னால் நின்று, "நீங்க சொன்னீங்க சார். நான்தான் அவர்கிட்ட சொல்லல" என்றாள்.

அவர் சீட்டுகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். பிறகு, "ஏம்மா?" என்றார்.

"எல்லாரும் அவரையே தேடுறீங்க. பொறாமையா இருந்துச்சு."

"இதை கேரம் போர்டுகிட்ட வந்து, எல்லார் முன்னாடியும் சொல்லணும்" என்றார். குரலில் துளி இளக்கமில்லை.

அன்று சாயங்காலம் புருஷன் உட்பட எட்டுப் பேர் முன்னால் நின்று சொன்னாள். காது மடல் சுட்டது. ஒருவரும் சிரிக்கவில்லை. புருஷன் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள், "எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல" என்று மட்டும் கேட்டான். தபால்காரர் சீட்டுகளைக் கிழித்துப் போட்டார். அவளோடு பேச அவருக்கு ஒரு மாசம் பிடித்தது.

அவர் மனைவிதான் முதலில் மாடியேறி வந்தாள். திட்டத்தான் வருகிறாள் என்று நினைத்து எழுந்து நின்றவளை உட்காரச் சொல்லிவிட்டு, "முப்பது வருஷமா நானும் தபால்காரர் சம்சாரம்தான். என் பேரை இங்க யாருக்காவது தெரியுமான்னு கேட்டுப் பாரு" என்றாள். அப்புறம் கணவர்மார் இருவரையும் மனசு குளிரத் திட்டித் தீர்த்தார்கள். தினமும் காலையில் சேர்ந்து நடக்கப் போவதென்று முடிவானது; அன்றிலிருந்து அவள் அந்த அம்மாவை அக்கா என்றே கூப்பிட்டாள்.

இப்போதும் புருஷனை நாலு பேர் சூழ்ந்து நின்றால் அவளுக்குச் சுருக்கென்கிறது. மறுநாள் காலை மட்டும் அக்காவும் தங்கையும் இன்னொரு சுற்று கூடுதலாக நடக்கிறார்கள்.