கூடவே பிறந்த நீர்க்கட்டி

வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் எனக்குத் தட்டச்சு வேலை. ஊழியர் விளையாட்டுப் போட்டியில் த்ரோபால் ஆடும்போது பந்து இடது நெற்றிப்பொட்டில் பட்டது. கொஞ்ச நேரம் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி ஆடப் போனேன். அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை.

சில வாரம் கழித்துத்தான் ஒரு மந்தம் வந்தது. காலையில் தலை கனக்கும். நான் தட்டுகிற எழுத்துகள் தண்ணீருக்கு அடியில் கிடப்பதுபோல் அசையும். ஜன்னலுக்கு வெளியே மலை, அடிவாரமே இல்லாமல், மேகத்தோடு சேர்ந்து நகரும். பார்த்துக்கொண்டே இருப்பேன். பக்கத்தில் இருப்பவள் பல தடவை கூப்பிட்ட பிறகுதான் அது என் பெயர் என்று உறைக்கும். வலிதான், ஆனாலும் அதற்குள் ஒரு மிதப்பு இருந்தது. அது எனக்குப் பிடித்துக்கூட இருந்தது.

ஒரு மாலை கணவரோடு அடி அண்ணாமலைப் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். ஆட்டோ ஓட்டுகிறவர், அவர் நடப்பதே அபூர்வம். திடீரென்று பின்தங்கினார். திரும்பிப் பார்த்தால் அவர் கையில் என் வலது கால் செருப்பு.

"இது கழண்டது தெரியலியா உனக்கு?"

தெரியவில்லை. ரோட்டின் சூடுகூட அந்தக் காலுக்கு எட்டவில்லை.

மறுநாளே ஸ்கேன் எடுத்தோம். படத்தில் இடது பொட்டுக்கு உள்ளே கறுப்பாக, சின்னக் குளம்போல, ஒரு நீர்க்கட்டி தெரிந்தது. அது நான் பிறக்கும்போதே கூட வந்தது என்றார் டாக்டர். இப்படி இருப்பவர்களுக்கு லேசான அடியிலேயே மூளைக்கு மேலிருக்கும் மெல்லிய ரத்தக்குழாய் கிழிந்து கசியுமாம். அந்தப் பழைய ரத்தம்தான் தேங்கி மூளையை அழுத்துகிறது, வலது காலும் கையும் மரத்ததும் அதனால்தான் என்று விளக்கினார்.

"ரெண்டையும் ஒரேடியா எடுத்துடுங்க சார்" என்றார் கணவர்.

"ரத்தத்த மட்டும் எடுத்தா போதுங்க. கட்டி அது பாட்டுக்கு இருக்கட்டும். மறுபடி ரத்தம் சேர்ந்தா அப்ப யோசிக்கலாம்."

கணவருக்கு மனசு ஒப்பவில்லை. என்னைப் பார்த்தார். இத்தனை வருஷம் சத்தமில்லாமல் என்னோடு இருந்ததைத் துரத்த எனக்குத் தோன்றவில்லை.

"அது இருக்கட்டுங்க" என்றேன்.

தலையில் மரத்துப்போக ஊசி போட்டார்கள். அரைத் தூக்கத்தில் கிடந்தேன். எங்கோ தூரத்துக் கொல்லையில் போர்வெல் போடுகிற சத்தம் கேட்டது. என் மண்டையில்தான் துளை போடுகிறார்கள் என்பது யாரோ சொன்ன கதைபோல் இருந்தது. சத்தம் நின்றது. கொஞ்ச நேரத்தில், போர்வைக்கு அடியில் என் வலது கை விரல்கள் ஒவ்வொன்றாக என்னிடம் வந்து சேர்ந்தன.

தலையிலிருந்து ஒரு குழாய் வழியாக ரத்தம் கட்டிலுக்குக் கீழே இருந்த பைக்குள் வடிந்தது. அதைக் குனிந்து பார்த்த கணவர், பழைய இன்ஜின் ஆயில் மாதிரியே இருக்கிறது என்றார். சட்டென்று வெளியே போனார். வரும்போது முகம் கழுவியிருந்தார்.

ரத்தம் மறுபடி சேரவில்லை. கட்டி அங்கேயே இருக்கிறது. இன்னமும் அவருக்கு அதன்மேல் நம்பிக்கை கிடையாது. ஆட்டோவின் பின்சீட்டில் நான் இருந்தால் வேகத்தடை வெகுதூரத்தில் இருக்கும்போதே வண்டியை மெதுவாக உருட்ட ஆரம்பித்துவிடுகிறார். பின்னால் பஸ்காரர்கள் ஹாரன் அடித்துக்கொண்டே வருகிறார்கள்.