ஏழாம் நாள் பாட்டிலில் அடைக்கச் சொன்னவரைப் பார்க்க ஆஹெனுக்கு

பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு எர்லாங்கனிலிருந்து கெல்சென்கிர்ச்சனுக்குக் கிளம்பினேன். ஊர் சுற்ற அல்ல. நண்பன் நிரோஜன் வீட்டில் காய்ச்சிய பீர் பாட்டில் வெடித்து அவன் வலது கை கிழிந்திருந்தது. வீட்டில் பீர் காய்ச்சிப் பார்க்க ஆசைப்படுகிறவர்களும், அதற்காக இங்கே ஒருநாள் வகுப்புக்குப் போக நினைப்பவர்களும் இதைப் படித்துவிட்டுப் போங்கள். கோபம் ஆறட்டும் என்று சில வாரம் எழுதாமல் இருந்தேன். ஆறவில்லை.

நான் ஆஹெனில் எம்.எஸ். படித்தபோது என்னோடு ஒரே வீட்டில் இருந்தவன் நிரோஜன். யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்கு ஜெர்மனியில் பிறந்தவன். இப்போது பல் ஆய்வகம் ஒன்றில் செயற்கைப் பற்கள் செய்கிறான். விரல் நுனிதான் அவனுக்குச் சோறு போடுகிறது. ஜனவரியில் ஆஹெனில் ஒரு கடை நடத்தும் சனிக்கிழமை வகுப்புக்கு என்னையும் இழுத்துப் போனான். ஆளுக்குத் தொண்ணூறு யூரோ. அதில் ஒரு தொடக்கப் பெட்டியும் அடக்கம். மூடியுள்ள வாளி, வாயுவை வெளியே மட்டும் விடும் காற்றடைப்பான், ரப்பர் குழாய், ஈஸ்ட் பொட்டலம், முளைகட்டிய பார்லிச் சாறான மால்ட் டப்பா, அவ்வளவுதான்.

"சர்க்கரை எவ்வளவு மீதி இருக்கிறது என்று பார்க்க ஒன்றும் இல்லையே?" என்று அன்றே கேட்டேன். தோல் ஏப்ரன் கட்டியிருந்த கடைக்காரர் சிரித்தார். "அதெல்லாம் விஞ்ஞானிகளுக்கு. நீங்கள் ஏழாம் நாள் பாட்டிலில் ஊற்றுங்கள், பாட்டிலுக்கொரு ஸ்பூன் சர்க்கரை போடுங்கள், மூடுங்கள்." வகுப்பே சிரித்தது. நானும்தான்.

நிரோஜன் சொன்னபடி செய்தான். அவன் வாளி இருந்த மாடிப்படி மூலை குளிர்ந்த இடம். குளிரில் ஈஸ்ட் மெதுவாகத்தான் வேலை செய்யும். ஏழு நாளில் பாதிச் சர்க்கரை அப்படியே இருந்திருக்கும். அதை அடைத்து, மேலே ஒரு ஸ்பூன் சர்க்கரையும் போட்டு, சூடான குழாய் ஓடும் நிலவறையில், இங்கே சொல்லும் 'கெல்லரில்', வைத்தான். ஈஸ்ட் மறுபடி விழித்துக்கொண்டது. வாயு வெளியே போக வழியில்லை. எனக்கு அந்த மாதம் வெளியூர் வேலை. வாளியைத் தொடக்கூட நேரமில்லாமல் போட்டுவிட்டுப் போனதால் நான் தப்பித்தேன்.

எர்லாங்கனிலிருந்து நூரெம்பர்க் போய் ரயில் மாற வேண்டும். வழக்கமாக ஐந்து மணி நேரப் பயணம். அன்று வழியில் ரயில் நின்று போனது. காரணத்தைக் கடைசி வரை யாரும் சொல்லவில்லை. ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தவனுக்கு அது வேறு.

கதவைத் திறந்தது நிரோஜனின் மனைவி கவிதா. "வாங்கோ அண்ணா. ஆளைப் பாருங்கோ, சிரிச்சுக்கொண்டு இருக்கிறார். எனக்கு எரியுது."

உள்ளே நிரோஜன் கையை நெஞ்சோடு கட்டி உட்கார்ந்திருந்தான். மோதிர விரலின் நரம்பைத் தைத்திருந்தார்கள்.

"ஒரு போத்தலை எடுக்கேக்க வெடிச்சிட்டுது மச்சான்," என்றான். "இப்ப ஒண்டும் பிடிக்க ஏலாது. கீழ இன்னும் ஒரு பெட்டி நிறையக் கிடக்கு. பக்கத்து வீட்டுச் சனமும் அந்தக் கெல்லருக்குத்தான் சைக்கிள் எடுக்க வாறவை."

"ஒருத்தரும் உள்ளே போகலையே?"

"நீங்கள் போன்ல சொன்ன உடனே கதவில பேப்பர் ஒட்டிப்போட்டன்," என்றாள் கவிதா. "வெளியால நிண்டு ஜன்னலைத் தள்ளித் திறந்தும் விட்டிருக்கிறன். ஹீட்டரும் நிப்பாட்டியாச்சு."

இரவு முழுவதும் உறைபனிக் காற்று உள்ளே போனது நல்லதாயிற்று. பீர் குளிர்ந்தால் உள்ளே அழுத்தம் குறையும். காலையில் பனிச்சறுக்குக் கண்ணாடி, தோல் கையுறை, தடித்த ஜாக்கெட், கழுத்தில் மஃப்ளர் என்று வேடம் கட்டிக்கொண்டு இறங்கினேன். பெட்டியை நகர்த்தவில்லை. ஈரத் துவாலையை மேலே போர்த்தி, துணிக்கு அடியில் கையை விட்டு ஒவ்வொரு மூடியாக நெம்பினேன். ஒவ்வொன்றும் துப்பாக்கிச் சத்தம் போட்டது. துணி விளிம்பு வழியாக நுரை கூரை வரை அடித்தது. முடித்துவிட்டு மேலே வந்தேன். ஒரு மனிதன் சிரித்துக்கொண்டே சொன்ன ஒரு வரிக்காக, சனிக்கிழமை காலையில் நான் வெடிகுண்டு செயலிழப்புப் பிரிவில் வேலை பார்த்திருக்கிறேன்.

"இண்டைக்கும் அங்க வகுப்பு இருக்கு," என்றான் நிரோஜன். "நான் போறன். வாறியா?"

கெல்சென்கிர்ச்சனிலிருந்து எஸ்ஸன் வந்து, அங்கிருந்து ஆஹெனுக்கு நேரடி ரயில். நாடு முழுக்கச் செல்லும் மாதச் சீட்டு இருந்தால் தனி டிக்கெட் தேவையில்லை; இரண்டரை மணி நேரம் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வழி முழுக்க நிரோஜன் ஜன்னல் பக்கம் பார்த்தபடி ஜெர்மனில் பேசிப் பார்த்துக்கொண்டே வந்தான்.

கடைக்குள் பத்துப் பன்னிரண்டு பேர். முந்தைய வகுப்பு காய்ச்சிய வாளியிலிருந்து ஆளுக்கு இரண்டு பாட்டில் நிரப்பிக் கொண்டுபோவது அங்கே வழக்கம். அதே ஏப்ரன், அதே சிரிப்பு. "ஏழாம் நாள், பாட்டில், ஒரு ஸ்பூன்..."

நிரோஜன் நேராக முன்னால் போய்க் கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டினான். "நான் இங்கே படித்தவன். நீங்கள் சொன்னபடி செய்தேன்," என்று ஜெர்மனில் ஆரம்பித்து நடந்ததைச் சொன்னான்.

கடைக்காரருக்கு முகம் மாறவில்லை. "சர்க்கரையை அதிகம் போட்டிருப்பீர்கள். அல்லது பாட்டிலைச் சரியாகக் கழுவியிருக்க மாட்டீர்கள். சுத்தம் முக்கியம் என்று சொன்னேனே."

சுத்தம்! பல் செய்கிறவனைப் பார்த்து! எனக்குக் காது சூடாகிவிட்டது. என் அரைகுறை ஜெர்மனில் வாய் திறப்பதற்குள் முன்வரிசையில் இருந்த ஒரு பெண்மணி எழுந்தார். நர்ஸாம். முதலில் நிரோஜனின் விரல்களைப் பார்த்து, எந்த நரம்பு, எங்கே தைத்தார்கள் என்று விசாரித்தார். பிறகு கடைக்காரரிடம் திரும்பினார்.

"இந்த வாளி நொதித்து முடிந்துவிட்டதா?"

"ஏழு நாள் ஆகிவிட்டது."

"அதை நான் கேட்கவில்லை. அளந்தீர்களா?"

 மீதிச் சர்க்கரையை அளக்கும் மானி அவர் முதுகுக்குப் பின்னால் அலமாரியில் தொங்கியது, 'தேர்ந்தவர்களுக்கு' என்ற அட்டையோடு, பதினான்கு யூரோ விலையில். நம்மூர்ப் பால் சொசைட்டியில் பாலுக்குள் மிதக்கவிடுவார்களே, அதே ஜாதிக் கண்ணாடிக் குழாய். நர்ஸம்மா காசை மேசையில் வைத்துவிட்டு அதை எடுத்துப் பிரித்தார். வாளியிலிருந்து ஒரு நீள டம்ளரில் பீரைப் பிடித்து உள்ளே விட்டார். அந்த வகைப் பீர் மூன்றுக்குப் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும் என்று கடைக்காரரின் சுவர் அட்டையே சொன்னது. மானி ஆறில் நின்றது, அதாவது சர்க்கரை இன்னும் தீரவில்லை.

"வெப்பநிலையால் அப்படிக் காட்டும்," என்றார் கடைக்காரர்.

"அப்படியானால் நாளைக்கும் அளந்து பார்ப்போம். இன்று நான் இதை வீட்டுக்குக் கொண்டுபோகப் போவதில்லை," என்றார் நர்ஸம்மா. மற்றவர்களும் பாட்டில்களைக் கீழே வைத்தார்கள்.

நிரோஜன் கடைசியாக ஒன்று கேட்டான். "முன்னால் படித்த எல்லோருக்கும் ஒரு எச்சரிக்கை மெயில் போடுங்கள். எத்தனை வீட்டில் இப்படி இருக்கிறதோ."

"முடியாது. தரவுப் பாதுகாப்புச் சட்டம்."

வாராவாரம் எங்களுக்குத் தள்ளுபடி மெயில் அனுப்பும் மனிதர் சொல்கிறார் இதை. மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து கடைசி வரை வரவில்லை.

திங்கட்கிழமை மெயில் வந்தது. நர்ஸம்மா விடாமல் தொல்லை கொடுத்திருக்கிறார். தலைப்பு: 'இன்னும் நல்ல நுரைக்குச் சில குறிப்புகள்'. நான்காவது பத்தியில், பாட்டில்களைக் குளிரில் வைத்து வாயுவை வெளியேற்றுவது 'சில சமயம் பயன் தரலாம்' என்று ஒரு வரி. சட்டம் பேசிய அதே மனிதர், எல்லோருடைய முகவரியும் எல்லோருக்கும் தெரியும்படி அனுப்பியிருந்தார்! நிரோஜன் இடது கையால் தட்டி எல்லோருக்கும் பதில் போட்டான். எப்படி வெடித்தது, எப்படித் திறக்க வேண்டும் என்று நாலே வரி. மாலைக்குள் பதில்கள் குவிந்தன. ஒருவர் வீட்டில் சமையலறை அலமாரிக் கதவு உடைந்திருந்தது. இன்னொருவர் வீட்டில் குழந்தைவண்டி நிற்கும் மூலையில் வெடித்திருந்தது; நல்லவேளையாக வண்டி காலி. ஆளாளுக்குத் தன் தப்புதான் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டு கண்ணாடியைக் கூட்டி அள்ளியிருக்கிறார்கள்.

ஆகவே, காய்ச்சப் போகிறவர்களுக்கு: பளபளக்கும் பாத்திரமெல்லாம் பிறகு வாங்கலாம். முதலில் மானியும் வெப்பமானியும் வாங்குங்கள். இவை இல்லாத பெட்டியைத் தொடாதீர்கள். பதினெட்டிலிருந்து இருபது டிகிரியில் வேலை செய்யும் ஈஸ்ட்டில் தொடங்குங்கள். குளிர்சாதனம் கேட்கும் லாகர் வகைப் பீர் இப்போது வேண்டாம். காற்றடைப்பானில் குமிழி நின்றதை நம்பாதீர்கள், நாள்காட்டியை அதைவிட நம்பாதீர்கள். இரண்டு மூன்று நாள் இடைவெளியில் அளந்து, எண் மாறாமல் இருந்தால்தான் பாட்டில். சர்க்கரையை ஸ்பூனால் போடாமல், மொத்தப் பீருக்கும் எடைபோட்டுக் கரைத்துக் கலக்குங்கள். பீருக்கென்று செய்த கனமான பாட்டில் மட்டும். வகுப்புக்குப் போனால், "அளந்தீர்களா?" என்று கேளுங்கள். சிரித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

நேற்று அந்தக் கடையின் இணையதளத்தைப் பார்த்தேன். தொடக்கப் பெட்டியில் இப்போது மானி இருக்கிறது. 'புதிய பாதுகாப்புப் பதிப்பு' என்று பெயர் வைத்து விலையையும் ஏற்றியிருக்கிறார். இணைப்பை நிரோஜனுக்கு அனுப்பினேன்.

"ஓம், பார்த்தனான். நல்ல விஷயம்தானே," என்று குரல் பதிவு வந்தது. கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னொன்று. "விரல் இன்னும் மடியேல்லை மச்சான்."