எல்லா மாடியிலும் வெள்ளம்

திருவனந்தபுரத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. தம்பானூரில் ஒரு சின்ன வெப்சைட் கம்பெனி. அடுத்த தெருவில் இருந்த லாட்ஜின் தளத்தை நாங்கள்தான் பார்த்துக்கொண்டோம். அதில் மலையாளம் இருந்தது, ஆங்கிலம் இருந்தது. தமிழ்ப் பக்கங்கள் மட்டும் இல்லை. வலியசாலைக்காரி, வீட்டில் தமிழ் பேசுகிறவள் என்று அந்த வேலை என் தலையில் விழுந்தது.

தளத்தில் போடும் செய்திகள் என்றால் புதிது வரவரப் பழையது கீழே போய்விடும். 'அறைகள்', 'வசதிகள்' எல்லாம் அப்படியில்லை. ஒருமுறை ஏற்றினால் அங்கேயே நிற்கும் பக்கங்கள். அதனால் பார்த்துப் பார்த்து எழுதினேன். தலைப்புக் கொடுத்து, மெனுவில் சேர்த்து, பப்ளிஷ் செய்துவிட்டு, கோயில் கட்டிவிட்டவள் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தேன். பள்ளிக்கூடம் முழுக்க மலையாளத்தில் படித்தவள் நான் என்பது அப்போது உறைக்கவில்லை.

மழைக்காலம் தொடங்கியது. ஒருநாள் லாட்ஜ் ஓனர் கையில் போனோடு எங்கள் ஆபீசுக்கே ஓடி வந்தார். லாட்ஜைப் புதுப்பித்த பிறகு அவருக்குக் கிடைத்த முதல் கல்யாண புக்கிங் கைநழுவிக்கொண்டிருந்தது.

"மோளே, தமிழ் பார்ட்டியாணு. ரூம் வேண்டாம்னு சொல்றாங்க. நீ ஒண்ணு பேசு."

மறுமுனையில் மாப்பிள்ளையின் அம்மா, திருநெல்வேலியிலிருந்து.

"ஏம்மா, எல்லா மாடியிலயும் எப்பவும் வெள்ளம் உண்டுன்னு நீங்களே போட்டிருக்கீங்க. தம்பானூர்ல ரோடெல்லாம் தண்ணி நிக்கிதுன்னு டிவியிலயும் காட்டுதான். வயசானவுகள வச்சுக்கிட்டு நான் எப்படிம்மா அங்க வந்து தங்க?"

எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு தலையில் அடித்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் குடிப்பதும் வெள்ளம், குளிப்பதும் வெள்ளம்.

"ஐயோ அம்மா, அது பைப்புல வர்ற தண்ணிம்மா. நாங்க இங்க வெள்ளம்னுதான் சொல்லுவோம்."

மறுமுனையில் அப்படியொரு சிரிப்பு. "சரி, மொதல்ல அத மாத்து. நான் லைன்லயே இருக்கேன்" என்றார். அந்தப் பக்கத்தைத் திறந்து 'தண்ணீர்' என்று திருத்தினேன். தன் மகனின் போனில் பார்த்துவிட்டு, "ஆங், இப்ப சரி. ரூம வேற யாருக்கும் குடுத்திராதீங்க" என்றார். ஓனருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

கல்யாணத்துக்கு வந்த அந்த அம்மா என்னைக் கூப்பிட்டனுப்பினார். போனேன். மாடிப்படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கியபடி, "நீதானா அது? எனக்குக் கொஞ்சம் வெள்ளம் கொண்டா தாயி" என்றார். உறவுக்கூட்டம் மொத்தமும் சிரித்தது. வெட்கம் பிடுங்கித் தின்றாலும் நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

அதன்பிறகு எத்தனையோ தளங்களுக்குப் பக்கங்கள் ஏற்றிவிட்டேன். தப்பாக எழுதியிருந்தால் யாரும் நம்மிடம் வந்து சொல்வதில்லை, பேசாமல் வேறு இடம் பார்த்துப் போய்விடுகிறார்கள். ஒரு போன் போட்டுச் சொல்லுவோம் என்று அன்று அந்த அம்மாவுக்குத் தோன்றியதே, அந்த நல்ல மனசை நினைத்துக்கொண்டுதான் இன்றும் ஒவ்வொரு பக்கத்தையும் எழுதுகிறேன்.