பந்தலுக்கு அந்தப் பக்கம் தொங்கிய புடலங்காய்

பிஞ்சைச் சுட்டுவிரலால் காட்டினால் அழுகிப்போகும் என்று எங்கள் தெருவில் எல்லோரும் சொல்வார்கள். காட்டியே ஆகவேண்டும் என்றால் விரலை மடக்கி முட்டியால்தான் காட்டுவார்கள். மற்றவர்களுக்கு அது எச்சரிக்கை. ஐந்தாம் வகுப்புப் படித்த எனக்கு அது ஆயுதமாகத் தெரிந்தது.

தென்காசியில் எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒரு காலி மனை. துபாயில் இருந்த உரிமையாளர், முள் மண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று இரண்டு வீட்டுக்கும் சேர்த்து விட்டிருந்தார். நடுவில் ஒரு வரிசை செங்கல். இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் அத்தை. அத்தை என்றால் உறவு இல்லை, பக்கத்து வீட்டுப் பழக்கம். அவள் வீட்டு மாமா பட்டாளத்தில் இருந்தார். எல்லையில் ஏதோ ஒரு மலைமேல். அங்கே சிக்னல் கிடைத்த அன்றைக்குத்தான் அவரிடம் போன் இருப்பதே எல்லோருக்கும் ஞாபகம் வரும்.

இரண்டு பேரும் புடலை போட்டார்கள். தரையைத்தான் செங்கல் பிரித்தது, மேலே பந்தல் ஒன்றுதான். கொடி ஏறிப் படர்ந்ததும் வினை ஆரம்பித்தது. எங்கள் பக்கம் வெறும் இலை. அந்தப் பக்கம் காயோ காய். நேராக வளரட்டும் என்று ஒவ்வொன்றின் நுனியிலும் அத்தை ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். போதாததற்குத் தினமும் காலையில் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வேறு. அம்மாவின் போனில் அதைப் பார்த்துவிட்டுத்தான் நான் பல் தேய்ப்பேன். அன்றைக்கு முழுக்க வயிறு எரியும். அத்தையோ வாசலில் நின்று, யார் யார் பார்த்தார்கள் என்று திரையைத் தேய்த்துக்கொண்டே இருப்பாள். நாங்கள் பார்த்து வெந்தோமா என்று சரிபார்க்கிறாள் என்பது என் முடிவு.

அவள் மகன் என் வகுப்பு. ஒருநாள் அத்தை கொடுத்தனுப்பிய இரண்டு காய்களை நீட்டிக்கொண்டே, "ஏட்டி, நீங்க இலையத்தான் பொரியல் வைக்கியளோ?" என்று கேட்டான். அம்மா அந்தக் காய்களை இரண்டு கையாலும் வாங்கி, "யம்மா, எம்புட்டு நீளம்!" என்று புதிதாகப் பார்ப்பதுபோல வாயைப் பிளந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. அன்றைக்கு வைத்த கூட்டை நான் தொடவில்லை.

மறுநாள் செங்கல் மேல் ஏறி நின்று, பிஞ்சு பிஞ்சாகச் சுட்டுவிரலை நீட்டினேன். சந்தேகத்துக்கு இரண்டாவது முறையும்.

அந்த வாரம் சாரல் பிடித்தது. குற்றாலத்துக் காற்று தெருவெல்லாம் ஈரத்தை இறைத்தது. பிஞ்சுகள் மஞ்சளித்து ஒவ்வொன்றாக விழுந்தன. இப்போது விவசாயக் கல்லூரியில் படிக்கிறேன். சாரலில் பூச்சி வராது, மகரந்தம் சேராத பிஞ்சு உதிரத்தான் செய்யும் என்று பக்கம் பக்கமாக எழுதுவேன். அன்றைக்கு என் விரலைப் பார்த்து நானே பயந்தேன். சாதம் பிசையும்போதுகூட அதை மடக்கியே வைத்திருந்தேன்.

ஒரே ஒரு காய் மட்டும் விழவில்லை.

"இது ஒண்ணாவது நிக்கணும் மதினி" என்று அத்தை அம்மாவிடம் சொன்னாள். குரல் ஒரு மாதிரி இருந்தது. எனக்கு இரக்கம் வரவில்லை, விரலுக்கு அடங்காத காய் மேல் ஆத்திரம்தான் வந்தது. வேரிலேயே அறுத்துவிடுவோம் என்று, பென்சில் சீவும் பிளேடோடு பந்தலுக்குக் கீழே நுழைந்தேன். காயிலிருந்து கொடியைப் பிடித்துக்கொண்டே போனேன். அது அத்தை பக்கம் இறங்கவில்லை. செங்கல்லைத் தாண்டி எங்கள் பக்கம் வந்து, அம்மா தினமும் அரிசி கழுவிய தண்ணீர் ஊற்றும் குழியில் போய் இறங்கியது.

"அம்மா! அது நம்ம காயி!"

"கத்தாதட்டி. தெரியும். நாந்தான் நுனிய அங்கன திருப்பி விட்டேன். அவ கொடியில வெறும் ஆண்பூவாப் பூத்துக் கொட்டுது. அவகிட்ட போயி உளறிராத."

"நம்ம காய அவங்க எதுக்கு ஸ்டேட்டஸ் வைக்கணும்?"

"ஒனக்கென்ன, ஒங்கப்பா தெனமும் ஆறு மணிக்கு வண்டியில வந்து எறங்கிருதாருல்லா" என்றபடி பிளேடைப் பிடுங்கிக்கொண்டாள்.

குற்றாலத்துப் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு அப்பா வீடு வருவதற்கும் புடலங்காய்க்கும் என்ன சம்பந்தம்? அம்மா பேச்சை மாற்றுகிறாள் என்றே நினைத்தேன்.

அடுத்த நாள் காலை அத்தை கூப்பிட்டாள். "காய்ப் பக்கத்துல நில்லு தாயி, நீளம் தெரியட்டும்." கல்லோடு சேர்த்து அது என் தோளிலிருந்து முழங்கால் வரை வந்தது. போட்டோவுக்குச் சிரித்தேன், சுட்டுவிரலை முதுகுக்குப் பின்னால் மடக்கி வைத்திருந்தேன். ஸ்டேட்டஸ் போட்டுவிட்டு வழக்கம்போலத் திரையைத் தேய்க்க ஆரம்பித்தாள். நான் வீட்டுக்கு ஓடி, அம்மாவின் போனில் என்னையே ஒருமுறை பார்த்துவிட்டு, அதே வேகத்தில் திரும்பி வந்தேன்.

"அம்மா பாத்துட்டாங்க அத்தை."

"நான் பாக்கது ஒங்கம்மாவ இல்லட்டி" என்றாள், நிமிராமலே.

எங்களை விட்டால் வயிறு எரிவதற்கு இன்னும் யாரைத் தேடுகிறாள் என்று அன்றைக்கு எனக்கு விளங்கவே இல்லை.