பொடி டப்பாவில் மாத்திரை

எனக்குப் பொடி போடும் பழக்கம் கிடையாது. ஆனாலும் பத்து வருஷம் போல இடுப்பு மடிப்பில் ஒரு பொடி டப்பா வைத்திருந்தேன். தகர டப்பா, இறுக்கமான மூடி. அதற்குள் இருந்தது மாத்திரை. வலிப்புக்காக வேலூரில் ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்தது. தினமும் ஒன்று, ஒரு நாளும் விடக்கூடாது என்று அவர் இரண்டு முறை சொல்லி அனுப்பினார்.

மாத்திரையை மறைக்கப் பொடி டப்பாதான் சரி என்று தோன்றியது எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய என் மூளைக்கு. ஆரணியில் அன்றைக்குப் பாதி ஆண்கள் பொடி போடுகிறவர்கள் என்பதை யோசிக்கவில்லை. டப்பாவைப் பார்த்தவர்களெல்லாம் "ஒரு சிட்டிகை குடுப்பா" என்று கை நீட்டுவார்கள். "இப்பத்தான் தீந்துபோச்சு" என்பேன். தீர்ந்துபோன டப்பாவை வருஷக்கணக்கில் இடுப்பில் வைத்துக்கொண்டு திரிகிறவன் என்று எனக்குக் கஞ்சன் பட்டம் கிடைத்தது. வலிப்புக்காரன் என்பதைவிடக் கஞ்சன் பரவாயில்லை என்று இருந்துவிட்டேன்.

மறைத்ததற்குக் காரணம் வெட்கம் மட்டும் இல்லை. நான் முதலாளி ஒருவருடைய கூடத்தில் பட்டுச் சேலை நெய்துகொண்டிருந்தேன். நான்கு தறிகள், நான்கும் குழித்தறி. வலிப்பு வருகிறவனை எந்த முதலாளி குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார வைப்பார்? தெரிந்தால் தறி போய்விடும். தறி போனால் எனக்கு வேறு தொழில் தெரியாது. கடையில் உட்கார்ந்து வியாபாரம் பேச, என் வாயைப் பற்றி எனக்கே நம்பிக்கை கிடையாது.

ஆகையால் மாத்திரையை ஆரணியில் வாங்க மாட்டேன். மாதம் ஒரு முறை பஸ் ஏறிப் போளூர் போவேன். அங்கே அக்கா வீடு இருந்தது ஒரு சாக்கு. அக்காமேல் உயிரையே வைத்திருக்கும் தம்பி என்று தெருவில் என்னைக் காட்டி மற்ற தம்பிகளைத் திட்டுவார்கள். அக்கா மட்டும் வாசலிலேயே நிற்க வைத்து, "இன்னாடா, மறுபடியும் வந்துகினு கீற?" என்பாள்.

கூடத்தில் எனக்குப் பக்கத்துத் தறியில் இருந்தவரை அண்ணன் என்று கூப்பிடுவேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். எதையும் நம்பாத மனிதர். பஸ் வருகிறது என்றால்கூட, வந்து நிற்கட்டும் என்பார். அவரிடம் ஒரு விசித்திரம் இருந்தது. ஒரு சாண் நீள இரும்புச் சாவி ஒன்றை எப்போதும் இடுப்பில் செருகியிருப்பார். அவர் வீட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாளே சரியாக விழாது. "ஜமீன்தார் இன்னிக்கு மாளிகையைப் பூட்டிட்டுத்தான் வந்தாரு" என்று வீட்டில் என் மனைவியிடம் சொல்லிச் சிரிப்பேன். வெளியே பேச வராதவனுக்கு வீட்டுக்குள் கிண்டல் நன்றாக வரும்.

ஒரே ஒரு முறை மாத்திரை விட்டுப்போயிற்று. அடைமழை, நான்கு நாள் போளூர் போக முடியவில்லை. ஒரு மதியம் எல்லோரும் சாப்பிடப் போன நேரம். தறியில் உட்கார்ந்திருந்தது நினைவிருக்கிறது. அப்புறம் கண் விழித்தபோது தரையில் கிடந்தேன். அண்ணன் தன் தறியில் நெய்துகொண்டிருந்தார்.

"இன்னாப்பா, தூங்கிட்டியா?" என்றார்.

"ஆமாண்ணே, அசதி."

யாரும் பார்க்கவில்லை, தப்பித்தோம் என்று நினைத்தேன். குழிக்குள் உட்கார்ந்திருந்தவன் எப்படி மேலே ஏறிப் படுத்தான் என்று யோசித்திருக்கலாம். வலது உள்ளங்கையில் நீளமாக ஒரு சிவந்த தடம் இருந்ததே, அதையாவது யோசித்திருக்கலாம். குறுக்கு இழை ஓட்டும் நாடாவை இறுக்கிப் பிடித்திருப்பேன் என்று முடிவு செய்துகொண்டேன்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு தேர்தல் வந்தது. ஒரு கட்சிக்காரர்கள் வீடு வீடாக நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போனார்கள். டாக்டர் சீட்டில் எழுதும் மருந்தெல்லாம் இனி அரசாங்கச் செலவில் என்று அதில் இருந்தது. அதுவரை ஆஸ்பத்திரியில் சும்மா கிடைத்தது பெரும்பாலும் சிவப்புத் தண்ணீர்தான். அதற்கும் பாட்டில் நாம் கொண்டுபோக வேண்டும். மற்ற மாத்திரைகளை ஒரு சீட்டில் எழுதி, வெளியே வாங்கிக்கொள் என்பார்கள். வாங்காத சீட்டுகள் எல்லார் வீட்டிலும் காலண்டருக்குப் பின்னால் இருந்தன.

நோட்டீஸைப் பற்றிக் கூடத்தில் பெரிய விவாதம். எங்கள் விவாதத்துக்கு ஒரு முறை உண்டு. தறிச் சத்தம் நின்றால் உள்வீட்டிலிருந்து முதலாளி வந்துவிடுவார். ஆகையால் ஒருவர் தறியை நிறுத்திப் பேசும்போது மற்ற மூவரும் நெய்ய வேண்டும். பேசி முடித்தவர் நாடாவைத் தட்டியதும் அடுத்தவர் நிறுத்துவார். சண்டை எவ்வளவு சூடாக இருந்தாலும் இந்த ஒழுங்கு தவறாது. நான் பேசவே மாட்டேன் என்பதால் அந்தத் தேர்தலில் அதிகமாக நெய்தவன் நான்தான்.

மூலைத் தறி மாமா அந்தக் கட்சிக்காரர். "ஒடம்பு இருந்தாத்தான ஓட்டு போடுவ? அத்த புரிஞ்சிகினு சொல்லியிருக்காங்கோ" என்றார்.

அண்ணன் தறியை நிறுத்தினார். "எந்த மாத்திரைன்னு எழுதல, பாத்தியா மாமா? நாலு நாள் காச்சலுக்குக் குடுக்கறது ஈஸி. வருஷம் பூரா துன்றவனுக்குக் குடுப்பாங்களா?"

"எல்லா மருந்தும்னு போட்டுக்கீதே, கண்ணு தெரியல?"

"எல்லாம்னா ஒண்ணும் இல்லன்னு அர்த்தம். கல்யாணத்துல எல்லாரும் வாங்கன்னு கூப்ட்டா எவன் போறான்?"

"நீ எதிர்க்கட்சி, அதான் ஒனக்கு பேஜாரா கீது."

"சும்மா குடுக்கறது இன்னிக்கு கீது, நாளைக்கு ஸ்டாக் இல்லம்பான். அவன நம்பி காசு குடுத்து வாங்கறத வுட்டவன் கதி இன்னா? அத்த சொல்லு மொதல்ல."

வருஷம் பூராவும் தின்கிறவன் என்று அவர் சொல்லும்போதெல்லாம் எனக்குக் கால் மிதி தப்பும். என் மாத்திரை வரக்கூடாது என்றே பேசுகிறார் என்று அவர்மேல் உள்ளுக்குள் கோபம். இவர் கட்சி தோற்க வேண்டும் என்று கோயிலில் ஒரு தேங்காய் வேண்டிக்கொண்டேன்.

இப்படியே பேசிப் பேசி, வேட்பாளர் வரும்போது நேராகக் கேட்டுவிடுவது என்று முடிவானது. யார் கேட்பது? "எட்டாவது படிச்சவன் கீறானே" என்று அண்ணன் என்னைக் கைகாட்டினார். மறுக்கக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை.

வேட்பாளர் வந்த காலை, நாங்கள் தெருவில் பாவு போட்டிருந்தோம். பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, இரண்டு பக்கமும் நின்று அறுந்ததை முடிச்சுப் போடும் வேலை. நடுவில் விட்டுவிட்டு நகர முடியாது. வேட்பாளருடைய ஜீப் பாவுக்கு அந்தப் பக்கம் நின்றது. ஹாரன் அடித்த டிரைவரிடம் மாமாவே, "பாவு சுத்தற வரிக்கும் நில்லுப்பா, எங்க ஓட்டு அதுல கீது" என்றார். வேட்பாளர் இறங்கி வந்து கும்பிட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

ஒரு வாரமாக ஒத்திகை பார்த்த கேள்வி. தினமும் சாப்பிடுகிற மாத்திரைகளும் உண்டா ஐயா, அவ்வளவுதான். தினமும் என்று தொடங்கினால் எந்த மாத்திரை தம்பி என்று கேட்பாரே என்ற எண்ணம் அப்போதுதான் வந்தது.

"தைலம் கெடைக்குங்களா?" என்றேன்.

தெரு சிரித்தது. அவரும் சிரித்து, "தைலம் இன்னா தம்பி, எல்லாம் கெடைக்கும்" என்று என் தோளைத் தட்டினார். அதற்குப் பிறகு ஐந்தாறு வருஷம் தெருவில் என் பெயர் தைலம்.

சிரிப்பு அடங்கும் முன் அண்ணன், இழையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார். "தெனமும் துன்ற மாத்திரைங்களும் உண்டுங்களா? பிரஷரு, சக்கர, வலிப்பு, இதுங்களுக்கு?"

வலிப்பு என்ற சொல் காதில் விழுந்ததும் நான் இரண்டு இழை தள்ளி முடிச்சுப் போட்டேன்.

"அதுதாங்க மொதல்ல" என்றார் வேட்பாளர்.

"வந்து நிக்கட்டும், பாக்கலாம்" என்றார் அண்ணன்.

மாமாவின் கட்சி ஜெயித்தது. தேங்காய் உடைத்தேன். அப்புறம் ஒரு வருஷத்துக்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. மாதப் பிறப்பானால் அண்ணன் தறியை நிறுத்தி, "மாமா, மாத்திரை வண்டி களம்பூர் தாண்டிடுச்சா?" என்பார். மாமா வேகமாக நெய்வார்.

ஒரு நாள் மாமாதான் ஓடிவந்து சொன்னார். நாங்கள் போகும் அரசு ஆஸ்பத்திரியில் தினசரி மாத்திரைகள் வந்துவிட்டன, ஒரு மாதத்துக்குச் சேர்த்தே தருகிறார்கள். வெளிக்கடையில் சீட்டைக் காட்டி வாங்கலாம் என்று நோட்டீஸில் சொன்னது நடக்கவில்லை. ஆனாலும் மாத்திரை மாத்திரைதான்.

பழைய சீட்டோடு போனேன். வேலூர் மாத்திரையையே டாக்டர் புதுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். ஜன்னலுக்கு இரண்டு வரிசை. காய்ச்சல், இருமல் இடது பக்கம். தினசரி மாத்திரை வலது பக்கம். உள்ளிருந்து கம்பவுண்டர் நல்ல மனசோடு, படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரிய வேண்டும் என்று, வாசல் வரை கேட்கக் கூவினார். "பிரஷர் யாரு, சக்கரை யாரு, வலிப்பு யாரு, ஒவ்வொருத்தரா கையத் தூக்குங்க."

நான் இடது பக்கம் போய் நின்றேன். சிவப்புத் தண்ணீர் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

"இது இன்னா?" என்றாள் மனைவி.

"இருமல் மருந்து."

"யாருக்கு இருமல்?"

அடுத்த வாரமும் போனேன், அடுத்த பாட்டில் வந்தது. இதற்குள் இலவசத்தை நம்பி, போளூர்ப் பயணத்தை நிறுத்தியிருந்தேன். அண்ணன் கூடத்தில் எச்சரித்தாரே, நம்பி வாங்குவதை விட்டவன் கதி என்ன என்று, அந்தக் கதியில் நான் கச்சிதமாகப் போய் உட்கார்ந்திருந்தேன். டப்பாவில் மூன்று மாத்திரை மிச்சம். பாதி பாதியாக உடைத்துப் போட்டுக்கொண்டேன்.

வலிப்பு விஷயம் மனைவிக்கு முன்பே தெரியும். வரிசையில் நடந்ததைச் சொன்னதும், "நாளைக்கு நான் வந்து கையத் தூக்கறேன்" என்றாள். "எனக்குத்தான்னு சொல்லிட்டுப் போறேன். எனக்கு இன்னா வந்துடப்போவுது?" அவளை நிற்க வைத்துவிட்டு ஓரமாக நிற்கலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

மறுநாள் தனியாகப் போய், கால் பழக்கத்தில் இடது வரிசையில் நின்றேன். மூன்றாவது பாட்டில் கையில். முன்னால் நின்றவர் திரும்பினார். அண்ணன். வீட்டில் யாருக்கோ இருமலாம்.

"இங்க இன்னா பண்ற?"

"தைலம்" என்றேன், வேறு வராமல்.

"ஒன் வரிசை அது" என்று வலது பக்கம் மோவாயைக் காட்டினார்.

"அது அக்காவுக்குண்ணே. போளூர் அக்காவுக்கு."

அவர் இடுப்பிலிருந்து அந்தச் சாவியை உருவி என் வலது உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கினார். எங்கள் பக்கத்தில் ஒருவனுக்கு வலிப்பு வந்தால் கையில் இரும்பைக் கொடுப்பார்கள், நின்றுவிடும் என்று நம்பிக்கை. கையை விரித்துப் பார்த்தேன். மழைக்காலத்துத் தடம் இருந்த அதே இடம், அதே நீளம்.

"ஏழு வருசமா இத்த சொருகிகினு கீறேன்" என்று சின்னக் குரலில் சொன்னார். "என் வூட்ல பூட்டே இல்ல. குனிஞ்சா வயித்துல குத்துது. போய் அங்க நில்லுப்பா."

என் வாயில் முதலில் வந்தது நன்றி கூட இல்லை. "மொதலாளிக்குத் தெரியுமா?" என்றேன்.

"சாவியே அவுருதுதான். நெல்லு ரூம்பு சாவி. பக்கத்துல இருந்து பாத்துக்கன்னு நீ வுழுந்த அன்னிக்கே குடுத்துட்டாரு."

"மாமாவுக்கு?"

"நோட்டீஸு வந்தப்ப அந்தாளு ஏன் அம்மாம் குதி குதிச்சாருன்னு நெனச்ச?"

வலது வரிசையில் போய் நின்றேன். ஆறு பேர்தான் இருந்தார்கள். கம்பவுண்டர், வலிப்பு யாரு என்றார். கை பாதி வரை உயர்ந்துவிட்டது. "நான்" என்றேன். கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன். "சத்தமா சொல்லுங்க, யாருக்கு?" என்றார். மூன்றாம் முறை நான் சொன்னது இடது வரிசை, வெளியே சைக்கிள் ஸ்டாண்டு எல்லாவற்றுக்கும் கேட்டது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதில் கூட எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். இத்தனை வருஷம் காத்த ரகசியம்.

பொட்டலத்தைப் பிரித்து, பழக்கத்தில் மாத்திரைகளைப் பொடி டப்பாவில் கொட்டினேன். பின்னால் நின்ற பெரியவர் கை நீட்டினார். "ஒரு சிட்டிகை குடு தம்பி."

"மாத்திரைங்க" என்றேன்.

மறுநாள் கூடத்தில், கழுவித் துடைத்த சாவியை அண்ணனிடம் நீட்டி, "மொதலாளி கிட்ட குடுத்துடுங்கண்ணே, இனிமே எதுக்கு, மாத்திரைதான் மாசாமாசம் குடுக்கறாங்களே" என்றேன். நான் தறியை நிறுத்திப் பேசியது அதுதான் முதல் தடவை. மாமா மரியாதையாக நெய்துகொண்டிருந்தார்.

அண்ணன் சாவியை வாங்கினார். திரும்பவும் இடுப்பில் செருகிக்கொண்டார்.

"அடுத்த எலக்‌ஷன் வரிக்கும் பாக்கலாம்" என்று சொல்லி நாடாவைத் தட்டினார்.